போயிட்டு வாரதுக்கு ஒரு டிக்கட்

என் ராசா,

போன கிழமை வீடியோவில் நீ, "அம்மா, இன்னும் அந்தப் பட்டனை அமத்தலையா?" என்று கேட்டாய். "நெட் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேனே, அது பச்சைப் பொய். கெலிஓயாவில் மழை பெய்தால் கரண்ட் போகும், குழாயில் சேறு வரும், பஸ் வராது. நெட் மட்டும் அசையாமல் நிற்கும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் மாலதியிடம் கொடு, உன் பெண்டாட்டி உன்னைவிடப் பொறுமைசாலி. நடுவில் போன் எடுத்துக் கத்தாதே. கடைசி வரை வாசித்துவிட்டு அப்புறம் கத்து.

அப்பா போன பிறகு நான் இந்த வீட்டில் தனியாக இருப்பது உனக்கு நெஞ்சில் பாரமாக இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா? மாலதிக்கும் மாதம் நெருங்குகிறது. நான் கோலாலம்பூருக்கு வரவேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், மாலதிக்குப் பத்தியச் சாப்பாடு சமைக்க வேண்டும். இதில் எனக்கும் உனக்கும் ஒரு பேதமும் இல்லை. அந்த மலிவு விமானக் கம்பெனியின் ஆப்பை நீதான் என் போனில் போட்டுத் தந்தாய். பாஷையைத் தமிழுக்கு மாற்றி, என் பாஸ்போட் விவரமெல்லாம் அங்கிருந்தே நிரப்பி, உன் பேங்க் காட்டையும் போட்டு வைத்தாய். "கடைசியா ஓரஞ்சு கலர்ல ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத மட்டும் உங்க கையால அமத்துங்க. பழகிக்கங்கம்மா, நல்லதுதானே?" என்றாய். நான் அமத்தவில்லை. விலை மாறியது, நீ மறுபடி நிரப்பினாய். அப்போதும் நான் அமத்தவில்லை.

அதற்குப் பிறகு உன்னுடைய ஆராய்ச்சி ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பயம் என்று முடிவு கட்டிவிட்டாய். எப்படி அமத்துவது என்று வீடியோ அனுப்பினாய். வீடியோவில் வந்த பெண் என்னைப் பாலர் வகுப்புப் பிள்ளை என்று நினைத்துப் பேசினாள். பிறகு, எத்தனை பேர் அந்த ஆப்பை நல்லது என்று சொல்லி நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று படம் பிடித்து அனுப்பினாய். முன்பின் தெரியாதவன் போட்ட நட்சத்திரத்தை வைத்து நான் என்னடா செய்ய? காசு போய்விடும் என்ற பயமா, இங்கிலீஷ் பயமா, ஏஜன்ட் இல்லாமல் டிக்கட் எடுப்பது பயமா என்று டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாய். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனாலும் உன் அம்மா என்ன வேலை பார்த்தவள் என்பதை நீ கொஞ்சம் மறந்துவிட்டாய்.

கண்டி டவுனில் ஜவுளிக்கடைக் கவுண்டரில் நின்றே என் தலை நரைத்தது. ஓர் ஆள் எப்போது வாங்குவான், எப்போது வாங்கமாட்டான் என்று எனக்கு நீ வீடியோ போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருத்தியும் சேலை எடுப்பதில்லை. மலிவாக இருந்தால் முதலில் சந்தேகம்தான் வரும், ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவளை நெருக்கினால் போய்விடுவாள். "பாருங்க, பிடிச்சா எடுங்க, இல்லாட்டி பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த ஆளைக் கவனித்தால், சுற்றிவிட்டுத் திரும்பி வந்து என்னிடமே வாங்குவாள். கதவு திறந்திருக்கிறது, வேண்டாமென்றால் எழுந்து போகலாம் என்று தெரிந்தால்தான் ஆட்கள் நிம்மதியாக உட்காருவார்கள்.

உன் ஆப்பையும் நான் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். நீ அங்கே வேலைக்குப் போன நேரத்தில் நான் இங்கே அதை உள்ளும் புறமும் கிண்டிவிட்டேன். எங்கேயும் போகிற மாதிரிப் போட்டுப் பார்ப்பேன், கடைசியில் மூடிவிடுவேன். பாங்கொக் போனேன், பாலி போனேன், எல்லாம் கதிரையில் உட்கார்ந்தபடியே. சீட்டுக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, பெட்டிக்குத் தனிக் காசு. நான் கேட்காமலே இன்சூரன்ஸ் காப்புறுதிக்குச் சரி போட்டு வைத்திருந்தார்கள், போடா என்று அதைக் கழற்றினேன். ஓரிடத்தில் சிவப்பு எழுத்தில் "இன்னும் இரண்டு இடங்கள் மட்டுமே" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசிப் பீஸ் மிஸ், இனி வராது" என்று எத்தனை பேரிடம் நானே சொல்லியிருப்பேன்! பின்னால் கட்டுக் கட்டாக இருக்கும். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த ஆப்மேல் ஒரு நம்பிக்கையே வந்தது. இவனும் நம்மைப் போலக் கடை வைத்திருக்கிறவன்தான், வேற்றுக் கிரகத்து ஆள் இல்லை என்று பட்டது.

மிச்சப் பயத்தைப் போக்கியது பரீனா. என்னோடு ஒரே கவுண்டரில் நின்றவள், இப்போது திகனயில் சொந்தமாகக் கல்யாணச் சேலைக் கடை வைத்திருக்கிறாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். சரக்கெடுக்க மாதம் தவறாமல் சென்னைக்குப் பறப்பவள், எல்லாம் இந்த மாதிரி ஆப்பில்தான். "ஒனக்குப் பயமா இல்லையாடி?" என்று கேட்டேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னத்துக்கு அக்கா பயம்? முந்தி ஏஜன்ட்டுக்கிட்டப் போனா அவர்ட மொகத்தப் பாத்து வாணாம்னு சொல்ல ஏலாது. உக்காரச் சொல்லுவாரு, டீ வேற தந்திடுவாரு. டீயக் குடிச்சிட்டு எப்படி எழும்பி வாற? அவரு சொன்ன நாளைக்கு அவரு சொன்ன பிளேன்லதான் போற. இதுல புடிக்காட்டி மூடிட்டுப் போறதுதான். அது கோவிச்சிக்காது, வீட்டுக்கு வந்து பேச்சுக் குடுக்காது." எத்தனை பேர் நட்சத்திரம் போட்டும் எனக்குப் புரியாதது இந்த ஒரு பேச்சில் புரிந்துவிட்டது. முகம் பார்த்து மறுக்கத் தெரியாத ஆட்களுக்கு இந்த ஆப் பெரிய உதவி. நானும் அந்த ரகம்தான். அதுவும் உன் முகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் ஏன் அமத்தவில்லை என்று இப்போது பல்லைக் கடிக்கிறாய், தெரிகிறது. சொல்கிறேன். நீ நிரப்பி வைத்ததன் உச்சியில் இரண்டு வட்டம் இருந்தது, பார்த்தாயா? ஒன்றில் "சுற்றுப் பயணம்" என்றிருந்தது. போயிட்டு வாரதுக்குத்தான் அந்தப் பெயராம். அதென்னடா சுற்றுப் பயணம், எலெக்‌ஷனுக்கு மந்திரி போகிற மாதிரி? மற்றதில் "ஒரு வழி" என்றிருந்தது. நீ அந்த "ஒரு வழி"யில்தான் புள்ளி வைத்திருந்தாய். ஒரு வழி! நம்ம ஊரில் எவனாவது "உன்ன ஒரு வழி பண்ணிடுவேன்" என்றால் அடிதடிக்கு வருகிறான் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குக் கீழே என் பெயர் எழுதியிருந்தது. நான் கேட்டபோது, "திரும்பி வாரதுக்கு என்னம்மா அவசரம், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாய். அதே மூச்சில், "வீட்டைச் சும்மா பூட்டி வெச்சு என்ன செய்ய, வாடகைக்கு விட்டுடலாம்" என்றாய். நான் அங்கேயே தங்குவதற்கு அனுமதி எடுக்கும் வேலையையும் தொடங்கிவிட்டாய் என்று மாலதி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான்தான் கிண்டிக் கேட்டேன்.

நம் வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாராவது வாசலைத் தாண்டியிருக்கிறார்களா? சின்ன வயதில் நீ "போறேன்மா" என்று கத்திவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவாய். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் துரத்தி வருவார். "டேய், போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போடா" என்பார். நீ வேண்டுமென்றே சொல்லாமல் நிற்பாய், அவர் உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தக் கூத்தில் நீ ஸ்கூல் வேனைத் தவறவிட்டு, அவரே உன்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்ட நாளும் உண்டு. கட்டுநாயக்கா ஏர்போட்டில் நீ முதல்முதல் மலேசியாவுக்குப் புறப்பட்டபோதும் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனாய். செக்யூரிட்டிக்காரன் உன்னை ஏசினான். அப்பா வீடு வந்து சேரும் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சொல்மேல் அவருக்கும் எனக்கும் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று உனக்கு நாங்கள் விளக்கிச் சொன்னதில்லை. என் அக்கா சரசு, உன் பெரியம்மா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போனவள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, நம் தோட்டத்து ஆட்களைப் பெயர் பதிந்து ரயிலேற்றி, கப்பலேற்றி அனுப்பிய காலம் அது. கண்டி ஸ்டேஷனில் அவள் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "போயிட்டு வாரேன்", "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லோருக்கும் தெரியும், அவளுக்குக் கொடுத்த கடதாசியில் போவது மட்டும்தான் இருந்தது, வருவது இல்லை. என்னிடம் வந்தபோது அவளால் சொல்ல முடியவில்லை, என் தலையைத் தடவிவிட்டு ஏறிவிட்டாள். கூடலூரில் அவள் கண்ணை மூடியதை நான் போனில்தான் கேட்டேன். இன்றைக்கு அந்தக் கரைக்கு, திருச்சிக்குப் பிளேனில் போக, இங்கிருந்து கொழும்புக்குப் போகிற நேரம்கூட ஆகாது. டிக்கட்டும் ஒரு நல்ல சேலை விலைதான். ஆனால் அக்கா இல்லையே. இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணின் போனில் "ஒரு வழி" என்று போட்டு, அமத்து என்கிறாய். என் விரல் எப்படிடா போகும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபமும் வந்தது. என்னை ஒரு பெட்டி மாதிரி அனுப்பி வைக்கிற ஏற்பாடு என்று தோன்றியது. நான் இன்னும் முடிந்து போகவில்லை, தம்பி. பரீனா கடையில் கல்யாணச் சேலைக் கவுண்டருக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறாள், கிழமையில் மூன்று நாள் போகிறேன். நேற்றுக்கூட பிலிமத்தலாவையிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "அந்த மிஸ் இல்லையா?" என்று என்னைக் கேட்டுத்தான் உட்கார்ந்தார்களாம். உன் வீட்டு ஜன்னலில் நின்று கீழே கார்கள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இப்போது மனமில்லை. ஒரு நாள் முடியாமல் போகும். முடியாத அன்றைக்கு நானே, "வந்து கூட்டிட்டுப் போடா" என்று சொல்வேன், வெட்கப்பட மாட்டேன். அதுவரைக்கும் இது என் வீடு. இந்த வார்த்தையை உன்னிடம் சொல்லத்தான் பயம். ஆப் ஒன்றும் என்னைப் பயமுறுத்தவில்லை. அம்மாவுக்கு நம்மோடு இருக்க விருப்பமில்லை என்று நீ முகம் சுருங்குவாயே, அதற்குத்தான் பயந்தேன். உன் பேரில் எனக்கிருக்கிற ஆசைக்கு ஒரு குறையும் இல்லை, ராசா. அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே நீ நிரப்பியதை அழித்துவிட்டு, என் பேங்க் காட்டில், என் காசில், நானே டிக்கட் போட்டேன். கேள் அந்தக் கூத்தை. வெள்ளிக்கிழமை காலையில் பரீனா கடையில் உட்கார்ந்து எல்லாம் நிரப்பிக் கடைசிப் பட்டனுக்கு வந்துவிட்டேன். சுவரில் கலண்டரைப் பார்த்தால் ராகு காலம் தொடங்கியிருந்தது! அது முடியட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த ஆட்களுக்குச் சேலை காட்டினேன். நல்ல நேரம் பிறந்ததும் சாமியை நினைத்து எடுத்துப் பார்த்தால், "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கே ஏதோ ஆகப் போகிறது என்று நினைத்துவிட்டேன். பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஒங்கட ராகு காலம் அதுக்கு எப்படி அக்கா வெளங்கும்? கன நேரம் சும்மா விட்டா மூடிடும், அவ்வளவுதான்!" விலையும் ஏறிவிட்டிருந்தது. ராகு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விட்டார். மறுபடி முதலிலிருந்து நிரப்பி, சுற்றுப் பயணத்தில் புள்ளி வைத்து, ஓரஞ்சுப் பட்டனை அமத்தினேன். சுண்டுவிரலால் அமத்தினேன், ஏனென்று கேட்காதே. டிக்கட் வந்துவிட்டது. மாலதிக்கு வலி எடுப்பதற்கு முன்னாலேயே அங்கே இருப்பேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்புகிறேன். திரும்புகிற தேதியைக் காசு கட்டி மாற்றிக்கொள்ளலாமாம், அதற்கும் சேர்த்துத்தான் எடுத்தேன். பிள்ளை என்னைக் கட்டிப் போட்டால் தேதியைத் தள்ளி வைப்போம்.

இத்தோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் சொன்னது எல்லாம் பாதிப் பேச்சாகிவிடும். அப்பாவின் வருசத் தெவசம் ஐப்பசியில் வருகிறது. "லீவு கிடைச்சா பாக்குறேன்மா" என்று நீ இழுத்தாய். நான்தான் இப்போது ஆப் தெரிந்த ஆளாயிற்றே! நான் திரும்பி வருகிற அதே பிளேனில் உனக்கும் ஒரு டிக்கட் போட்டுவிடுவோம், டிக்கட் கையில் இருந்தால் லீவு தானாக வரும் என்று நினைத்தேன். மாலதியிடம் கேட்டேன், அவளுடைய அம்மா வந்து கூட இருப்பாராம். பரீனாவிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டே உன் பெயரை அடித்தேன். உன் பிறந்த தேதியைக் கேட்டது, அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு என்று போட்டேன். மேலே அந்த இரண்டு வட்டம் வந்தது.

என் விரல் எங்கே போனது தெரியுமா? "ஒரு வழி"க்குப் போனது. யோசித்துப் போகவில்லை, தானாகப் போனது. புள்ளியும் வைத்துவிட்டது. உன் பெயர், கொழும்பு, ஒரு வழி. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீனா, "என்ன அக்கா, நெட் இல்லையா?" என்று கேட்டாள். நெட் இருந்தது. என் பிள்ளை வந்தால் வந்தபடியே இருந்துவிட மாட்டானா, சமையலறையில் வந்து நின்று "என்னம்மா கறி?" என்று கேட்க மாட்டானா என்று என் நெஞ்சில் இருப்பதை விரல் போட்டுக் கொடுத்துவிட்டது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீயும் இதைத்தானே செய்தாய்? பெட்டி மாதிரி அனுப்புகிறான் என்று உன்மேல் கோபப்பட்டேனே! நீ அந்த வட்டத்தில் புள்ளி வைத்தபோது உன் நெஞ்சிலும் இதுதானே இருந்திருக்கும்? ஆசை வைத்தவர்களுக்குத் திரும்பும் டிக்கட் போட யாருக்குத்தான் கை வரும்? அந்தக் கடையிலேயே, ஆட்கள் பார்க்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீனா டீ கொண்டுவந்து வைத்தாள்.

டீயைக் குடித்துவிட்டுப் புள்ளியை மாற்றினேன். கொழும்பு வந்து, தெவசம் முடிந்து, மறுபடி கோலாலம்பூருக்கு, உன் பெண்டாட்டி பிள்ளையிடம். இதையும் சுண்டுவிரலால்தான் அமத்தினேன். இப்போது உன் போனுக்கும் வந்திருக்கும், திறந்து பார். அக்காவுக்குக் கிடைக்காத பாதி நம் இரண்டு பேர் டிக்கட்டிலும் இருக்கிறது. அங்கே நான் வந்திறங்கும்போது நீ வாசலில் நின்று "வாங்கம்மா" என்று கூப்பிடு. நம் வீட்டிலிருந்து நீ கிளம்பும்போது நான் கேட்டுக்கு வருவேன், அப்பாவைப் போல உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ சொல்லவேண்டியதைச் சொல்லு. சொன்னதும் பையை விட்டுவிடுகிறேன்.

போயிட்டு வாரேன், ராசா.

அம்மா
கெலிஓயா